ஐந்து கால் ஆடு

கம்பளம் பழுது பார்க்கிற தொழிலில் பூச்சியைவிடப் பெரிய எதிரி ஒருவன் இருக்கிறான். அவன்தான் நமக்கு முன்னால் பழுது பார்த்தவன். என் வீட்டுக்காரர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பூச்சி கம்பளியைத் தின்றுவிட்டுப் போய்விடும். முன்னால் பழுது பார்த்தவன் நைலான் நூலையும், ஒட்டாத சிவப்பையும், இழுத்துக் கட்டிய முடிச்சுகளையும் விட்டுவிட்டுப் போவான். அதனால் எந்தக் கம்பளம் வந்தாலும் இவர் முதலில் குப்புறப் போட்டு, முதுகுப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போவார். வேறு எவன் கையாவது தட்டுப்பட்டுவிட்டால் போதும், சோற்றில் கல்லைக் கண்டுபிடித்த மாமியார் மாதிரி முகத்தில் ஒரு களை வந்துவிடும். முதல் வேலை அதைப் பிரித்து எறிவது. அப்புறம்தான் மற்றது.

எங்கள் கடைக்கு ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் சோபா உறை தைக்கிறவர். நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமான அறை. கூரையில் நாலைந்து கண்ணாடி ஓடுகள் பதித்திருப்பதால் வெளிச்சம் நேராக வேலை மேசைமேல் விழும். சுவர் முழுக்க நூல் கண்டுகள். சிவப்பில் மட்டும் ஒரு சுவர். ஒரு சிவப்புக்கும் அடுத்த சிவப்புக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை பாதிதான் புரிந்திருக்கிறது. பின்கட்டில் சிமெண்டுத் தொட்டியும் உலர்த்துகிற மூங்கில் கொம்புகளும் என் ராஜ்ஜியம். கழுவுவது, காயப்போடுவது, ஓரம் கட்டுவது நான். முடிச்சுப் போடுவது அவர். தெருவில் அவருக்கு ஊசி மாஸ்டர் என்று பேர். வேலையில் சுத்தம், பேச்சில் சுருக்கு, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இந்த மூன்றோடும்தான் இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

இந்த மனிதர் வாய்விட்டு ஏங்கிய பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய அம்மா நெய்த கம்பளம்.

அவர்கள் ஆடு மேய்த்துக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருந்த கூட்டம். தறி என்றால் நிறுத்தி வைத்த தறி இல்லை. தரையில் நாலு முளை அடித்து, பாவு நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, அதன்மேலேயே உட்கார்ந்து நெய்வது. புல் தீர்ந்து கிளம்பும்போது முளையைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தைச் சுருட்டிக் கழுதைமேல் ஏற்றிவிடுவார்கள். அடுத்த இடத்தில் மறுபடி முளை அடித்தால் பழைய அகலம் வராது. அதனால் ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் ஒடுங்கி இருக்கும். சொந்த ஆட்டு ரோமம், மஞ்சிட்டி வேரில் காய்ச்சிய சிவப்பு, அவுரி நீலம், மாதுளம் தோலின் மஞ்சள். நடுவில் மூன்று பெரிய கொக்கிப் பூக்கள், அது அவர்கள் குலத்துக்கு மட்டும் உரியது. சுற்றிலும் கரையில் வரிசையாக ஆடுகள், ஒன்றின் வாலை மோந்துகொண்டு அடுத்தது நடக்கிற மாதிரி. கரையோரம் கறுப்பு வெள்ளாட்டு மயிர். இவ்வளவையும் நான் பார்க்காமலே மனப்பாடமாகச் சொல்வேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்ததுதான் காரணம்.

"நடுப்பூவோட கொக்கி ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்" என்பார். "ஒரு மூலையை மட்டும்தான் சரியாப் பார்த்ததில்லை. அதுமேல எப்பவும் அம்மாவோட டிரங்குப் பெட்டி உக்காந்திருக்கும்."

அம்மா இறந்தபோது இவர் அடுத்த ஊரில் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். வந்து சேர்வதற்குள் அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனார், கம்பளத்தைச் சுருட்டித் தன் புகுந்த வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். இவர் போய்க் கேட்டார். அண்ணி நாலு பேர் முன்னால் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "விலை தெரிஞ்சவன் கையில குடுத்தா ஒரு நாள் வித்துடுவான்."

அதோடு அக்கா தம்பி பேச்சு முறிந்தது. அண்ணி வீட்டு விசேஷங்களுக்கு நான் மட்டும் தனியாகப் போய், சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு வருவேன். துக்க வீட்டில் சந்தித்தால் இவர் வாசலில் நிற்பார், அண்ணி உள்ளே இருப்பார். அக்காவைப் பற்றி இவர் விசாரிக்கவே மாட்டார். ஆனால் நான் திரும்பி வந்து சொல்லும்போது மட்டும் ஊசி நின்றுவிடும். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை.

போன மழைக்கு அப்புறம் ஒரு நாள் அண்ணியின் மகள் ஆட்டோவிலிருந்து ஒரு சுருளை இறக்கினாள். போர்த்தியிருந்த பழைய போர்வையின் நுனி விலகி, கறுப்பு ஓரம் தெரிந்தது. இவர் மேசையிலிருந்து எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தண்ணித் தொட்டி ஒழுகி ஒரு பக்கம் ஊறிப்போச்சு மாமா. கவனிக்கலை. அப்புறம் பூச்சியும் வந்துடுச்சு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்கு இப்போ கண்ணு சுத்தமாத் தெரியலை அத்தை. சர்க்கரை. நாள் முழுக்க இதைத் தடவிக்கிட்டே உக்காந்திருப்பாங்க. ஓட்டையில விரல் மாட்டுதுன்னு ஒரே அழுகை."

"யாரு இங்க கொண்டுவரச் சொன்னா?" என்றார் இவர்.

"அம்மாதான். என் தம்பி இருக்கும்போது வேற எவன் கையும் இதுல படக்கூடாதுன்னாங்க. ஓட்டையை மட்டும் அடைச்சுக் குடுக்கச் சொன்னாங்க மாமா."

அவள் போன பிறகு கம்பளத்தை விரித்தோம். இவர் அதன் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்து, கொக்கிப் பூவின்மேல் உள்ளங்கையை வைத்து, என்னைக் கொஞ்சநேரம் வெளியே போகச் சொன்னார். எனக்கும் தொட்டியில் வேலை இருந்தது. உள்ளே அவர் மூக்கை உறிஞ்சுவது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் அதைக் குப்புறப் போட்டுத் தடவினார். ஓட்டை ஒரு தலைப்பில் இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. எதிர்த் தலைப்பின் மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"இங்க பாரு" என்றார். "எவனோ ஒரு கத்துக்குட்டி கை வச்சிருக்கான்."

பார்த்தேன். எனக்கே தெரிந்தது. மற்ற இடமெல்லாம் நெல்மணி அடுக்கிய மாதிரி முடிச்சுகள் ஓட, அந்த மூலையில் மட்டும் கட்டி கட்டியாக இருந்தது. இரண்டு பாவு நூலைச் சேர்த்துப் போட வேண்டிய முடிச்சை ஒரு இடத்தில் மூன்றில் போட்டு, இன்னொரு இடத்தில் ஒன்றில் போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் கரையில் வரிசையாக வந்த ஆடுகளில் கடைசி ஆடு மட்டும் பருத்து, கழுத்து இல்லாமல், ஐந்து காலோடு நின்றது.

"இது ஆடா, நாற்காலியா?" என்று சிரித்தார். செல்போனில் படம் பிடித்து, தொழில்காரர்கள் நாலைந்து பேருக்கு அனுப்பினார். ஒருவர், ஸ்பேர் கால் போலிருக்கிறது என்று பதில் போட்டார். நானும் சிரித்தேன்.

"நூல் பழசாத்தான் தெரியுது" என்றேன்.

"செத்த கம்பளத்துல இருந்து உருவின நூலு. நானே அப்படித்தானே போடுறேன். நூலை மட்டும் சரியாப் பிடிச்சிருக்கான், கைதான் வரலை."

"அண்ணிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்க. ஓட்டையை மட்டும்தானே சொன்னாங்க."

"என்னன்னு கேக்கிறது?" அவர் குரல் இறங்கியது. "இத்தனை வருஷம் கழிச்சுப் பேசப்போறேன். எடுத்த எடுப்புல, எவன்கிட்டக் குடுத்துக் கெடுத்தன்னு கேக்கவா? ஒரு தடவை சூடு பட்டிருக்கா. அதான் இப்போ வேற எவன் கையும் படக்கூடாதுங்கிறா. நான் சத்தமில்லாமச் சரி பண்ணிடறேன். அவளுக்கு அந்தத் தலைகுனிவே வேண்டாம்."

இதற்குமேல் என்ன பேசுவது? சண்டைக்காரர் என்று பேர் எடுத்தவர் அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிறார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது.

வேறு வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதிலேயே உட்கார்ந்தார். முதலில் அந்த மூலை. ஊசி முனையால் ஒவ்வொரு முடிச்சாக நெம்பி, பிடுங்கி, ஊதித் தள்ளினார். பிடுங்கிய முடிச்சு வெறும் பொட்டுப் பஞ்சு, விரல் நகம் நீளம்கூட இராது. மாலையில் நான் கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில் போட்டேன். பிறகு பாவு நூலை இறுக்கி, அம்மாவின் ஆடுகளில் நல்ல ஆடாக ஒன்றைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி ஒன்றைக் கட்டினார். அதற்காக மஞ்சிட்டி வேரை வாங்கி வந்து என்னிடம் காய்ச்சச் சொன்னார். சுவரிலிருந்த சிவப்பு ஒன்றுகூடப் போதவில்லையாம். நான் காய்ச்சிய முதல் பானையையும் கொட்டச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவரையும் சேர்த்துச் சாயத்தில் முக்கியிருப்பேன்.

"அம்மா சிவப்பு இதுக்கும் கொஞ்சம் கீழ" என்றார், ஒரு பாட்டுக்குச் சுருதி சொல்வது போல. மறுபடி காய்ச்சினேன்.

ஓட்டையையும் அடைத்து முடித்தபோது, எது பழையது எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் செய்ததிலேயே மிக நல்ல வேலை அதுதான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அண்ணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசற்படியில் கால் தடுமாற, இவர் ஓடிப்போய் மறு கையைப் பிடித்தார். அண்ணி அந்தக் கையை விடாமல், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடவிப் பார்த்தார்.

"இளைச்சுட்டியேடா."

"நீ குண்டா இருக்கேல்ல, சரியாப் போச்சு" என்றார் இவர். எல்லோரும் சிரித்தோம். இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது, இதற்கா இத்தனை வருஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பளத்தின்மேல் அண்ணியை உட்காரவைத்தோம். அவர் கை நடக்கத் தொடங்கியது. கண் இருக்கிறவர்கள் பார்க்கிற வரிசையில் அது போகவில்லை. ரோமத்தை விலக்கி, அடியில் இருக்கிற முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. ஓட்டை இருந்த இடத்துக்கு வந்து, நாலு தடவை முன்னும் பின்னும் போய்விட்டு நின்றது.

"எங்கடா இருந்துச்சு?"

"கண்ணு இருக்கிறவங்களுக்கே தெரியாதுக்கா" என்றார். ஒரு குழந்தை மாதிரி அவர் முகம் மலர்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தங்கக் கைடா உனக்கு" என்று சொல்லிக்கொண்டே அண்ணி முட்டிபோட்டு எதிர்த் தலைப்புக்கு நகர்ந்தார். கரையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஆடாக விரலால் கடந்து, மூலைக்கு வந்தார். விரல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பியது. கம்பளத்தைப் புரட்டி முதுகுப் பக்கம் தடவினார். வேறு மூலைக்கு வந்துவிட்டோமோ என்று மறு மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி இங்கேயே வந்தார்.

"ஆடு எங்கடா?"

"எல்லா ஆடும் இருக்கேக்கா. வரிசை சரியாத்தான் இருக்கு."

"அஞ்சு கால் ஆடு."

இவர் குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான்தான் வாயைத் திறந்தேன். "அண்ணி, அது ஏதோ தப்பா ரிப்பேர் பண்ணினதுன்னு நினைச்சு..."

"இதுவரைக்கும் யாரும் ரிப்பேர் பண்ணினது இல்லையேம்மா" என்றார் அண்ணி. குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "அது நான் போட்டது. அப்போ இவன் கைக்குழந்தை. தறியில அம்மா உக்காந்திருக்கும்போது இவன் அழுதான். பால் குடுக்க அம்மா எந்திரிச்சுப் போனா. அதுக்குள்ள நான் போய் உக்காந்து ஆடு போட ஆரம்பிச்சுட்டேன். அடி விழும்னு பயந்துக்கிட்டே போட்டேன். அம்மா வந்து பார்த்தா, சிரிச்சா. இவனை மார்புல போட்டுக்கிட்டே என்னையும் மடியில சாய்ச்சு, ஒரு கையால என் விரலைப் பிடிச்சு மிச்சத்தைப் போடவச்சா."

"அஞ்சு காலு..." என்றார் இவர்.

"அது கால் இல்லடா. அடியில நின்னு பால் குடிக்கிற குட்டி. எனக்கு அவ்வளவுதான் போட வந்துச்சு. அது நீ."

மகள், "விடுங்கம்மா" என்றாள். அண்ணி விடவில்லை. அவரும் யாரையும் குத்துவதற்காகப் பேசவில்லை. பார்வை போன பிறகு அந்த இடத்தைத் தொட்டால் அம்மாவின் விரல் தன் விரல்மேல் இருப்பது போல இருக்கும் என்றார். மற்றதெல்லாம் அம்மா நெய்தது, அங்கே மட்டும் மூன்று பேரும் இருந்தோம் என்றார்.

"அம்மா எனக்குச் சொல்லவே இல்லையேக்கா."

"உனக்குத்தான் நடுப்பூவைத் தவிர எதுவும் கண்ணுல படாதே. டிரங்குப் பெட்டியை அந்த மூலையில எதுக்கு வச்சான்னு நினைச்ச? யாரும் மிதிச்சுத் தேய்ச்சுடக் கூடாதுன்னுதான்."

இவர் என்னைப் பார்த்தார். பிடுங்கியதை எங்கே போட்டாய் என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. குப்பை வண்டி போய் எத்தனையோ நாள் ஆயிற்று. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். அண்ணி அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். எந்த விரலால் கம்பளத்தைத் தேடினாரோ அதே விரலால்.

கிளம்பும்போது மகள் கம்பளத்தைச் சுருட்டக் குனிந்தாள். அண்ணி வேண்டாம் என்றார்.

"நீயே வச்சுக்கடா. கேட்டுக்கிட்டே இருந்தியே. ரொம்ப நல்லாப் பண்ணியிருக்க. எனக்கு இனிமே தொட்டாத் தெரியாது."

அந்த வார்த்தைக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார். கிடைத்துவிட்டது. வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவில்லை. சோபா உறைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்ல வந்தார். நான் அவரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். சறுக்கியது யானைக்குச் சரி, அடியில் மிதிபட்டதற்கு யார் பதில் சொல்வது?

அடுத்த நாள் இவர் தன்னுடைய அந்த அழகான ஆட்டைப் பிடுங்கத் தொடங்கினார். பிடுங்கி முடித்து, செல்போனில் இருந்த படத்தை எடுத்து வைத்துக்கொண்டார். சிரிப்பதற்காக எடுத்த படம். கீழே அந்த ஸ்பேர் கால் பதிலும் அப்படியே இருந்தது. படத்தில் எந்த முடிச்சு எந்த நூலில் விழுந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்து, மூன்றில் போட வேண்டியதை மூன்றில் போட்டு, ஒன்றில் போட வேண்டியதை ஒன்றில் போட்டு, ஒரு பிசகில்லாமல் கட்டினார். கழுத்தில்லாத ஆடு வந்தது. ஐந்து காலும் வந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் மழலை பேசிக் காட்டுவார்களே, அப்படி இருந்தது. கோணல்கூட அளவெடுத்த கோணலாக இருந்தது. அந்தக் கைக்குத் தப்புப் பண்ணத் தெரியவில்லை. அவரும் விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, அதையும் பிடுங்கினார். அடுத்து இடது கையால் போட்டுப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தார். நான் பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அக்காவுக்கு போன் போட்டார். "நீ வந்து போடுக்கா. பாவு அப்படியே இருக்கு. நூலை நான் எடுத்து எடுத்துத் தரேன். விரல் நல்லாத்தானே இருக்கு உனக்கு."

போனை ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"விரல் இருக்குடா" என்றார் அண்ணி. "அன்னைக்கு அம்மா மடியில சாஞ்சு போட்டேன். இன்னைக்கு யார் மடியில சாயச் சொல்ற?"

இப்போது அக்காவும் தம்பியும் நாள்தோறும் பேசுகிறார்கள். மருந்து சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று எல்லாம் பேசுகிறார்கள், கம்பளத்தைத் தவிர. அது எங்கள் கடைச் சுவரில் தொங்குகிறது. நடுவில் மூன்று கொக்கிப் பூக்கள் பளிச்சென்று நிற்கின்றன. ஒரு மூலை மட்டும் வெறும் பாவு நூலாக, முடிச்சில்லாமல் கிடக்கிறது. அந்த மூலைக்கு முன்னால் இவர் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு மறைத்திருக்கிறார். நான் துடைக்கும்போது நகர்த்தினால் உடனே வந்து பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவார்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். கம்பளம் அறிந்தவர். சுவரில் இருந்ததை நெருங்கிப் பார்த்து, பெட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"என்ன அருமையான கம்பளம். இந்த மூலையை யார் மாஸ்டர் இப்படிப் பண்ணி வச்சது?"

என் வீட்டுக்காரர் ஊசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எவனோ ஒரு கத்துக்குட்டி கை வச்சுட்டான் சார்" என்றார்.